எல்லாவற்றுக்கும் ஓம் சொன்ன கணினி

வீட்டுக் கணினிகளைத் திருத்துவது என் தொழில் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்தாலும், உண்மையில் நான் செய்வது, அழையாமல் வந்து அமர்ந்துவிட்ட விருந்தாளிகளை வெளியே அனுப்பி வைக்கும் வேலைதான். அந்த விருந்தாளிகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சமையற் குறிப்பு ஒன்றைத் தேடிப் போயிருப்பீர்கள்; திரையின் மூலையில் ஒரு சூதாட்ட விளம்பரம் எட்டிப் பார்த்திருக்கும். அதை மூடினால் இன்னொன்று வந்திருக்கும். அதனுடன் மல்லுக்கட்டிக் களைத்த எல்லோரும் எனக்கு உறவினரே. அவர்களை எண்ணியே, அண்மையில் என் மேசைக்கு வந்துபோன ஒரு கணினியைப் பற்றிச் சொல்கிறேன்.

துவாய் போர்த்திய திரை

குருநகரில் பிலோமினா அக்காவின் வீட்டுக்கு நான் சென்றபோது, கணினித் திரை, குளித்துத் துவட்டும் ஒரு பெரிய துவாயால் மூடப்பட்டிருந்தது. தூசு படாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். துவாயை எடுத்துக் கணினியை இயக்கினேன். சிறிது நேரத்தில், அரைகுறை ஆடையில் ஒரு பெண் திரையின் வலது மூலையில் தோன்றி, தான் தனிமையில் இருப்பதாக அறிவித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அக்கா பதறிப்போய்த் துவாயை மறுபடி போட்டு மூடினார். எதிர்ச் சுவரில் மாதாவின் படம் இருந்தது. துவாய் தூசுக்காக அல்ல, மாதாவுக்காக.

அக்கா சந்தையில் மீன் விற்பவர். அவருடைய கணவர் யோசேப்பு அண்ணை கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பின்னர் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டவர். அவர்களுடைய ஒரே மகன் அன்ரன் நோர்வேயில் இருக்கிறான். அடுத்த சனிக்கிழமை அங்கே அவனுக்குத் திருமணம். மாப்பிள்ளை கோயிலுக்குப் புறப்படும் முன் பெற்றோரின் முன் முழந்தாளிட வேண்டும். தாய் அவனுடைய நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்க வேண்டும். அதன் பிறகுதான் அவன் வாசற்படி தாண்டுவான். விசா கிடைக்காததால் அந்த ஆசீர்வாதம் இந்தக் கணினி வழியாகத்தான் நடக்க இருந்தது. கைத்தொலைபேசியின் சிறிய திரையில் மகனுடைய முகம் அண்ணையின் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பெரிய திரையை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, துவாயைப் பார்த்தபடி அக்கா முடித்தார்:

“என்ரை கைக்கும் அவன்ரை நெத்திக்கும் இடையிலை உவளவை வந்து நிக்கக் கூடாது, தங்கச்சி.”

யார் உள்ளே விட்டது?

இத்தொழிலில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். “என்ன செய்தீர்கள்?” என்று எவரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும், ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்வார்கள். “அது உங்களிடம் என்ன கேட்டது?” என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு உடனே உண்மை வரும்.

அக்காவுக்கும் வந்தது. அன்ரன் வெளிநாடு போன புதிதில், முதன்முதலாகக் கணினியில் முகம் பார்த்துக் கதைக்க முயன்ற நாளன்று, ஒரு சிறிய பெட்டி தோன்றிக் கமெராவைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறது. அக்கா திகைத்துப்போய்த் தொலைபேசியில் மகனைக் கேட்டார். பெட்டி என்ன கேட்டாலும் ‘அனுமதி’ என்பதை அமத்துங்கள், அப்போதுதான் நான் வருவேன் என்றான் அவன். அமத்தினார், அவன் வந்தான். அன்று தொடக்கம் அவருக்கு அதுவே விதி. அண்ணைக்குக் காற்றின் வேகம் பார்க்கும் பக்கம், ஊரார் அன்றாடம் பார்க்கும் மரண அறிவித்தல் பக்கம், செபமாலைக் காணொளி என்று எங்கே பெட்டி தோன்றினாலும், அறிவிப்புகள் அனுப்பலாமா என்று அது கேட்க, அனுமதி என்று இவர் அமத்தினார். அந்த அறிவிப்புகளே விளம்பரங்களாகத் திரையின் மூலையில் வந்து நின்றன. கணினிக்குள் யாரும் திருட்டுத்தனமாக நுழையவில்லை. எல்லோரும் வாசலில் நின்று கேட்டு, அனுமதி பெற்றே வந்திருந்தார்கள்.

யாரோ கேட்பதற்கெல்லாம் ஓம் சொல்லலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

“கேட்டது பெட்டியாயிருக்கலாம். சொன்னது என்ரை பிள்ளையெல்லோ.”

கடையில் ஒரு வாக்குவாதம்

கணினியை யாழ்ப்பாண நகரில் உள்ள எங்கள் கடைக்குக் கொண்டுவந்தேன். என்னோடு வேலை செய்யும் சிவா அண்ணை அச்சுப்பொறிகளையும் மின்பகுதிகளையும் பார்ப்பவர். எந்தக் கணினி வந்தாலும் அவர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு. விரைவான வழிதான். ஆனால், மகன் ஒழுங்குபடுத்தி வைத்தது எதுவும் இடம் மாறக்கூடாது என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். தாயின் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அன்ரன் எழுத்துகளைப் பெரிதாக்கியிருந்தான். தன்னை அழைக்கும் குறியை இடது மேல் மூலையில் தனியாக வைத்து, அதற்குத் தன் பெயரையே இட்டிருந்தான். இவற்றை அழித்துவிட்டுத் துப்புரவான கணினி ஒன்றைக் கொடுப்பது, வீட்டைக் கழுவுகிறேன் என்று கூரையைக் கழற்றுவது போலாகும்.

ஆகவே ஒவ்வொன்றாகவே அகற்றினேன். நிறுவப்பட்ட மென்பொருட்களின் பட்டியலைத் திறந்து, யாரும் கேட்காமல் சேர்ந்தவற்றை நீக்கினேன். உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த நீட்சிகளைக் கழற்றினேன். எவரோ மாற்றிவைத்த முகப்புப் பக்கத்தைப் பழையபடி ஆக்கினேன். நம்பகமான ஒரு தடுப்பு மென்பொருளால் மிச்சத்தைச் சோதித்தேன். கடைசியாக, அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்தேன். உருட்ட உருட்ட அது நீண்டுகொண்டே போனது. உங்கள் கணினியிலும் அப்படியொரு பட்டியல் இருக்கிறது. ஒருமுறை திறந்து பாருங்கள், நீங்கள் மறந்துபோன தாராள மனம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

சிவா அண்ணை பின்னால் வந்து நின்று அதைப் பார்த்தார். அவர் பிலோமினா அக்காவிடம் வாடிக்கையாக மீன் வாங்குபவர்.

“இவ்வளவு பேருக்கும் ஓம் எண்ட மனுசி, எனக்கு விளைமீன் விலையிலை மட்டும் ஒருக்காலும் ஓம் சொன்னதில்லை.”

இலவசத்தின் மரியாதை

அக்காவின் கணினி மேசையில் இருந்தபோதே, சுன்னாகத்திலிருந்து தம்பிராசா ஐயா தன் மடிக்கணினியோடு வந்தார். வெங்காயச் செய்கைக்காரர், எனக்கு அயலவர். நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றின் விளக்கக் கையேட்டைத் திறப்பதற்கு இலவச மென்பொருள் ஒன்றை இறக்கியிருக்கிறார். அதனோடு ஒரு தேடற்கருவியும், வானிலை காட்டும் பட்டை ஒன்றும், கணினியை வேகமாக்குவதாகச் சொல்லி அதை ஊர வைத்த இன்னொன்றும் சேர்ந்து வந்துவிட்டன.

நிறுவும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று ஓடிப்போகக் கூடாது என்று அவருக்குக் காட்டினேன். விருப்பத் தெரிவு என்ற வழியில் போனால், கூடவே வருகின்றவற்றுக்கு முன்னால் சிறு கட்டங்கள் இருக்கும். அவற்றில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். மென்பொருளையும், அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். ஐயா கவனமாகக் கேட்டார். அந்தக் கட்டங்களைத் தான் கண்டதாகவும் ஒப்புக்கொண்டார். கண்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் வர நம்மால் முடியாது என்பதை அவருடைய விடையில்தான் உணர்ந்தேன்.

“சும்மா தாறம் எண்டு நீட்டுறவையின்ரை முகத்திலை அடிச்ச மாதிரி, வேண்டாம் எண்டு என்னண்டு பிள்ளை சொல்லுறது?”

ஏலத்தில் தலையாட்டாதவர்

அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, கணினியைத் துப்புரவாக்குவது பாதி வேலைதான் என்று. அக்காவுக்கு மறுக்கத் தெரியாவிட்டால் சனிக்கிழமைக்குள் அந்தப் பெண்கள் திரும்பி வந்துவிடுவார்கள். கணினியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பெட்டி தோன்றினால் ‘தடு’ என்பதை அமத்தும்படி சொன்னேன். அக்கா சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தடு என்று அமத்தினால் அன்ரன் வராமல் போய்விடுவானோ என்பதுதான் அவருடைய பயம். அறிவிப்பு வேறு, அழைப்பு வேறு என்று விளக்கினேன். விளக்கம் எனக்கே அலுப்பூட்டியது.

பிறகு விளக்குவதை விட்டு, அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். விடிய மீன் ஏலம் எப்படி நடக்கும் என்றேன். ஏலம் கூறுகிறவன் விலையைச் சொல்லிக்கொண்டே போவான், யார் தலையாட்டினாரோ மீன் அவருடையது. வாய் திறக்கத் தேவையில்லை, தெரியாத்தனமாக ஆட்டினாலும் தலையில் கட்டிவிடுவான் என்றார். அங்கே முகத்தில் ஈ, இலையான் மொய்த்தாற்கூடத் தன் தலை அசையாது என்றும், யார் கூறுகிறான், என்ன மீன் என்று பார்த்த பின்னரே ஆட்டுவதென்றும் பெருமையோடு சொன்னார். சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அனுமதி என்பது தலையாட்டலா என்று கேட்டார். ஓம் என்றேன். அதன் பின் நான் சோதனைக்காகத் திறந்த பக்கங்களில் தோன்றிய ஒவ்வொரு பெட்டியையும், முகத்தில் ஒரு தசையும் அசையாமல், ‘தடு’ என்று அனுப்பிவைத்தார். விளம்பரத்தின் மூலையில் இருக்கும் பெருக்கற் குறியும் சில வேளை விளம்பரமே என்பதால், அதைத் தொடாமல் பக்கத்தையே மூடவும் பழகிக்கொண்டார்.

கதிரையில் அமர்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த யோசேப்பு அண்ணை என்னிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார்:

“கலியாணம் கட்டின நாள் துவக்கம் எனக்கு அமத்தினதைத்தான், இப்ப கொம்பியூட்டருக்கும் அமத்துறா.”

நெற்றி இருந்த இடம்

சனிக்கிழமை பிற்பகல் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நோர்வேயில் அப்போது காலை. அக்கா பட்டுச் சேலையில் கணினியின் முன் அமர்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் இருந்தது. துவாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அயலவர்கள் அறை நிறைய நின்றதால் நான் கதவோரத்தில் நின்றேன்.

வழக்கமான குறியை அன்று அக்கா தொடவில்லை. உறவினர் எல்லோரும் ஒரே வேளையில் பார்க்கட்டும் என்று பெண் வீட்டார் வேறொரு இணைப்பை அனுப்பியிருந்தார்கள். அக்கா அதைத் திறந்தார். ஒரு பெட்டி தோன்றியது. பழக்கமில்லாத தளம்; பழக்கமில்லாத பெயர். அது கமெராவைக் கேட்டது. நான் வாய் திறப்பதற்குள், ஏலத்தில் நிற்கும் அதே முகத்தோடு, அக்கா ‘தடு’ என்று அமத்திவிட்டார். அறையில் சிலர் மெச்சினார்கள்.

திரையில் அன்ரன் தெரிந்தான். கோட்டு அணிந்து, முழந்தாளிட்டிருந்தான். அவனுக்கோ தாயைத் தெரியவில்லை. அவனுடைய திரையில் வெறும் கறுப்புச் சதுரம்தான் இருந்திருக்கும். அம்மா, அம்மா என்று இரு முறை அழைத்தான். பின்னால் யாரோ, காருக்கு நேரமாகிறது என்று சொல்வது கேட்டது. நான் கூட்டத்தை விலக்கி முன்னே வந்து, முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருந்த கமெராக் குறியைத் தொட்டேன். மாற்றிக்கொள்ளும் தெரிவு திறந்தது. ஆனால், ஆர் கேக்கிறதெண்டு தெரியாது என்று சொல்லி அக்கா என் கையைத் தடுத்துவிட்டார்; அவருடைய குரல் மட்டும் அன்ரனுக்குக் கேட்டது. யார் கேட்கிறான் என்று தெரியாமல் தலையாட்டக் கூடாதென்று நான்தானே அவருக்கு உறுதிப்படுத்தியிருந்தேன்.

“அம்மா, நான்தான் கேக்கிறன். ஒருக்கா ஓம் எண்டு அமத்துங்கோ” என்றான் அன்ரன்.

“நீயோ கேக்கிறாய்? அப்ப ஓம்” என்று அக்கா தன் கையாலேயே அமத்தினார்.

அங்கே அவனுடைய முகம் மாறியதைக் கண்டோம். தாயைக் கண்டுவிட்டான். தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டான். சிலுவை அடையாளம் அவனுக்குத் தெரிய வேண்டுமானால் கையைக் கமெராவின் முன் உயர்த்த வேண்டும் என்று நான் முன்பே சொல்லிவைத்திருந்தேன். அக்கா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெருவிரலைத் தீர்த்தத்தில் தோய்த்து, திரையில் அவனுடைய நெற்றி இருந்த இடத்தில் மெதுவாகச் சிலுவை வரைந்தார். யோசேப்பு அண்ணை எழுந்து வந்து, திரைக்கு மிக அருகே குனிந்து, தானும் வரைந்தார். மகன் எழுந்து வாசலை நோக்கிப் போகும் வரை எந்த விளம்பரமும் வரவில்லை.

இணைப்பு முடிந்ததும் திரை கறுத்தது. நடுவில் இரண்டு சிலுவைகள், ஒன்றன் மேல் ஒன்றாக, ஈரத்தில் மினுங்கின. திரையில் கறை கண்டால் துடைப்பது எனக்குக் கை வழக்கம். பையிலிருந்து துணியை எடுத்துவிட்டேன். அக்கா மெல்ல என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உதைத் துடையாதையுங்கோ, தங்கச்சி. உதிலைதான் அவன்ரை நெத்தி இருந்தது.”

வேண்டாதவற்றை அகற்றித் தருவதையே தொழிலாகக் கொண்ட நான், வாடிக்கையாளர் வீட்டுத் திரையொன்றில் தெரிந்தே விட்டு வந்த கறை அது ஒன்றுதான்.