வேடுவருக்குக் கொடுத்த கதிரை

ஏழெட்டு வருடம் இருக்கும். கண்டியில் ஓர் இதய கிளினிக்கில் காத்திருந்தேன். வருடக்கணக்காக அலுவலகக் கதிரையில் உட்கார்ந்தே சம்பாதித்த நெஞ்சுவலி. சத்திரசிகிச்சையா, மாத்திரை போதுமா என்பது அன்றைக்குத்தான் தெரியவிருந்தது. பயத்தை மறைக்க வேண்டுமே! காட்டில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்பவர்களுக்கு முதுமையிலும் இரத்தக் குழாய்கள் சுத்தமாக இருக்குமாம் என்று, எங்கோ படித்ததை அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன். கலஹா மலையில் காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவர் அம்மா. உட்காரச் சொன்னால் கேட்காமல், என் மருந்துப் பையோடு நின்றார்.

"அப்ப அவங்களுக்குக் கிளினிக்கே கெடையாதாக்கும்?"

"கிடையாது" என்று சொல்லி வாய் மூடவில்லை, காட்டு ஆதிக்குடியான வேடுவர் ஒருவர் உள்ளே வந்தார். வெண்தாடி, வெற்று மார்பு. தோளில் இருந்த கோடரியைக் காவலாளி வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டாராம். கூடவே, கால்சட்டை போட்ட அவருடைய மகன்.

என் கொள்கையே நோயாளியாக வந்துவிட்டதே என்ற வருத்தத்தை விழுங்கிக்கொண்டு, எழுந்து பெரியவருக்குக் கதிரையைக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, மகனைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். நெஞ்சுவலி மகனுக்கு!

அம்மா தோட்டத்துச் சிங்களத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். மகியங்கனைப் பக்கமாம். காட்டில் வேட்டைக்குத் தடை வந்தபின் மகன் த்ரீவீல் ஓட்டுகிறாராம். பேக்கரிப் பாண், சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீர், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. அப்பா மட்டும் இன்னும் தேன் எடுக்க நடக்கிறாராம்.

"எல்லாம் நம்ம வீட்டுக் கதைதான்" என்றார் அம்மா, என் வயிற்றைப் பார்த்து.

என் இலக்கத்தைக் கூப்பிட்ட தாதி நேராக வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"என்னைய ஏம்மா இழுக்கிறீங்க? சீக்காளி அந்தா நிக்கிறாரு, தொப்பையோட!"

கூடமே சிரித்தது. வேடுவரின் மகனும் சிரித்தார். பெரியவர் மட்டும் மகனின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

எனக்கு மாத்திரை போதும் என்றார்கள். நடக்கவும் சொன்னார்கள். அந்த மகனுக்குச் சத்திரசிகிச்சையாம். பெரியவர் அம்மாவின் இரண்டு முன்கைகளையும் பற்றி, அவர்கள் வழக்கப்படி விடைபெற்றார்.

தெருவுக்கு வந்து த்ரீவீலுக்குக் கை நீட்டினேன். அம்மா அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நட. ஒனக்கு முந்தி நான் போகணும்."

அன்று தொடங்கி, மாலையில் கண்டி வாவியை இருவரும் சுற்றினோம். முன்னால் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நான். இப்போது முன்னால் யாரும் இல்லை. அம்மா கேட்டபடியே எனக்கு முந்திப் போய்விட்டார். நீண்ட ஆயுளைப் பற்றி எங்கே எதைப் படித்தாலும், தங்கள் பிள்ளைகளின் கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அந்த இரண்டு பேர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.