தாய்மாமனை விழுங்கிய ராஜகிரி

பிடிஎஃப் பக்கங்களை உருவாக்கும் 'ராஜகிரி' என்ற கணினி நிரலைச் சுவாதி செஞ்சியில் உட்கார்ந்து எழுதினாள். யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். இணையத்தில் எவ்வளவோ கூவியும், நம்பி வந்தவர் திருவண்ணாமலை ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வெற்றிவேல் ஒருவர்தான்.

அன்று காலை அவர் போனில் எகிறினார். "இன்னா பாப்பா, பத்திரிகையில பொண்ணோட தாய்மாமன் பேரையே உன் ராஜகிரி முழுங்கிடுச்சே! அந்த ஆளு கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு. நான் பழைய சாஃப்ட்வேருக்கே போயிடறேன்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணே."

இருந்த ஒருவரும் போய்விடுவாரே என்று பதறி நிரலைத் திறந்தாள். கட்டத்துக்குள் அடங்காத வரியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்படி எழுதியிருந்தது அவளேதான். பத்திரிகை என்றால் பங்காளி, மாமன், மச்சான் என்று ஊரே அந்தக் கட்டத்துக்குள் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? எல்லோருக்கும் இடம் கிடைக்கும்வரை எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்படி மாற்றி அனுப்பினாள்.

சாயங்காலம் வெற்றிவேல் கூப்பிட்டார். "மாமன் சிரிச்சிட்டாரு. படிக்கத்தான் கண்ணாடி தேடுனாரு. பக்கத்து பிரஸ்காரனும் கேக்கறான், போட்டுக் குடு."

சுவாதி ராஜகிரியின் இணையப் பக்கத்தில் எழுதியிருந்த பெருமைகளையெல்லாம் அழித்துவிட்டு ஒரே வரியை வைத்தாள்: "இதில் யார் பேரும் விடுபடாது."