துவைக்காத தலையணை

ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்துக் கொடுக்கிறவள், தன் வீட்டுத் தலையணை ஒன்றை மட்டும் ஒரு வருஷமாகத் தண்ணீரில் காட்டவில்லை. சலவைக்கடைக்காரிக்கு இது எவ்வளவு பெரிய மானக்கேடு! ஆனால் அது அவள் புருஷன் தலை வைத்துப் படுத்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனுஷர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அவருடைய வேர்வையும் தலையெண்ணெயும் அதில் மிச்சம் இருந்தன. அதில் முகத்தைப் புதைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவளுக்கு முதலிலிருந்தே தூசி ஒத்துக்கொள்ளாத மூக்கு. தலையணையில் தூசி ஏற ஏற, காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காய்த் தும்மல். துணி போட வருகிறவர்கள் ‘தும்மல்காரி கடை’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அப்புறம் மூக்கு ஒரேயடியாக அடைத்துப்போனது. சட்டை தீய்ந்தாலும் தெரியவில்லை, புருஷன் வாசனையும் தெரியவில்லை. சட்டைக்காக அவள் அழவில்லை.

கூட வேலை செய்த அக்காவுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும்.

“அந்த உறையைக் கொதிக்கிற தண்ணில போடுடி. தலையணையை வெயில்ல காய வை. மூக்கு தானா சரியாப் போயிடும்.”

“அதுல மட்டும் கை வச்சே, அக்கான்னுகூடப் பார்க்க மாட்டேன்!”

மற்றதெல்லாம் செய்தாள், பாவம். ஆவி பிடித்தாள். இஞ்சித் தண்ணீர் குடித்தாள். மூக்கிலும் நெற்றியிலும் தைலத்தை அப்பிக்கொண்டு, அந்தத் தலையணையையே கட்டிக்கொண்டு படுத்தாள். பகலில் ஆவி திறந்ததை ராத்திரி தூசி அடைத்தது.

கடைசியில், துணி வாங்க வந்த நர்ஸம்மா ஒரு வழி சொன்னார். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் உப்பைக் கலந்து, ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கு வழியே வெளியேற்ற வேண்டுமாம். முதல் தடவை புரையேறிக் கண்ணீர் கொட்டியது.

“எதுக்குடி இந்தச் சித்திரவதை?” என்றாள் அக்கா.

“அவரு வாசனை ஒரே ஒரு தடவை வந்தாப் போதும்க்கா.”

தினமும் விடாமல் உப்புத்தண்ணீர் விட்டுவந்தாள். ஒரு மத்தியானம் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று சோப்பு மணத்தது. ஈரக்கையோடு உள்ளறைக்கு ஓடினாள். தலையணையில் முகத்தை அழுத்தி ஆழமாக இழுத்தாள். திருப்பிப் போட்டு இழுத்தாள். உறையைக் கழற்றிப் பஞ்சை முகர்ந்தாள். தைலம். எங்கே முகர்ந்தாலும் தைலம்தான். ராத்திரி தவறாமல் அவளே தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. அவருடைய வாசனை ஒரு பொட்டுகூட இல்லை. ஐயோ, அடைத்த மூக்கே தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரம் கழித்து உறையோடு வெளியே வந்தாள். கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் அதைத் தானே போட்டாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

“என்னடி, மூக்கு திறந்துடுச்சா?”

“திறந்துடுச்சுக்கா.”

“அப்புறம் ஏன்டி அழறே?”

“அவரு இன்னைக்குத்தான்க்கா போனாரு.”