கருப்பம்மா மெழுகிய காம்பிராக்கள்

கருப்பம்மாவைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். அவள் வாசலில் குப்பை முழங்கால் உயரத்துக்குக் கிடப்பது உண்மைதான். அது அங்கே சேர்ந்ததில் எனக்கும் பங்குண்டு, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் லுணுகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவள் துறையூர்ப் பக்கமிருந்து புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தாள். வந்த இரண்டாம் வருஷம் மரம் வெட்டப் போன புருஷன் மரம் மேலே சாய்ந்து அங்கேயே போய்விட்டான். ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம், ஐப்பசி மழையில், வயிற்றுக்கடுப்பு வந்து எட்டே நாளில் பிள்ளைகள் இரண்டும் போயின. அவள் அழவுமில்லை, தின்னவுமில்லை. அப்போது நான் லயத்தில் அடுத்த ஒற்றையறைக் காம்பிராவில் இருந்தேன். நடுச்சுவர் கூரைவரை எட்டாததால் அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும்.

"தலைக்குள்ள எரைஞ்சுக்கிட்டே இருக்கு தனம். நிக்கவே மாட்டேங்குது" என்பாள். வேறு பேச்சே இல்லை.

காரியத்துக்கு முதல் நாள் வீட்டை மெழுகாமல் முடியுமா? நான்தான் சாணிச் சட்டியை அவள் கையில் திணித்தேன். உச்சிவேளையில் ஒரு மூலையில் தொடங்கினவள் பொழுது சாய்கிற நேரத்தில் எழுந்து வந்தாள். "மெழுகி முடிக்கிற வரைக்கும் சத்தம் நின்னு போச்சு தனம்" என்றாள். அன்று ராத்திரி சோறு தின்றாள்.

அதன்பிறகு அதுவே அவளுக்கு மருந்தாயிற்று. விடியலில் பெரட்டுக்கு ஆள் சேர்க்கத் தப்படிக்குமுன் கூட்டிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை மெழுகுவாள். பானைகள் வரிசையாக நிற்கும், கம்பளி மடித்திருக்கும். பிள்ளைகள் கஞ்சி குடித்த இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளும் கழுவிக் கிழக்கு மூலையில் கவிழ்த்தபடி இருக்கும். ஒருநாள், "ஒன் வீட்டுக்குள்ள வந்தா பெருச்சாளிக்கே வழி தெரியாதுடி" என்று என்னைக் கேலிகூடச் செய்தாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அவள் வாயில் சிரிப்பு வந்ததே என்று விட்டுவிட்டேன்.

ஆள் கூப்பிட வந்த மாரிசாமி கங்காணி ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "காம்பிரான்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டால் காம்பிராவைத் தன்னிடமே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. லயமும் துரையுடையது, அதைப் பங்கிடுகிற கை கங்காணியுடையது. இதில் நமக்கென்று என்ன இருக்கிறது?

அடுத்த மாதமே கடல் தாண்டி அக்கரை ஊரிலிருந்து கங்காணியின் மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினான். "நீ ஒத்தக்கட்டை, ஒனக்கு எதுக்கு இது? கடைசிக் காம்பிராவுக்குப் போயிரு" என்றார் கங்காணி. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கடைசிக் காம்பிரா ஆடு கட்டிய இடம். ஒரு மாதம் சுரண்டிக் கழுவி, ஓடைக்கரையிலிருந்து வெள்ளை மண் சுமந்து வந்து சுவருக்குப் பூசி, சிரட்டைகளைக் கிழக்கு மூலையில் கவிழ்த்தாள். இரண்டு வருஷத்தில் மச்சான் மகனுக்குக் கல்யாணம் வந்தது, அந்தக் காம்பிராவும் போயிற்று. மூன்றாவதாகக் கழிவுநீர்க் கான் ஓரத்தில் ஒன்றைக் காட்டினார்கள். அதையும் மெழுகினாள். குனியக் குனியக் குட்டினார்கள், இவளும் குனிந்தாள்.

மூன்றாவது குட்டு என்னுடையது. என் காம்பிராவின் கூரை ஒழுகியது. என் புருஷன் அழகர் இரண்டு மழைக்காலமாகத் தகரம் கேட்டுக்கொண்டிருந்தார். "தகரமெல்லாம் கெடையாது. நீங்க கருப்பம்மா காம்பிராவுக்குப் போங்க, அவ இங்க வரட்டும். அவளை எதுல போட்டாலும் சுத்தமாக்கிருவா" என்றார் கங்காணி. அழகர் என் முகத்தைப் பார்த்தார். என் இடுப்பில் நாலு மாதப் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது.

"சரிங்க" என்றேன் நான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

நாங்கள் சாமான்களோடு போனபோது தரை ஈரமாக இருந்தது. எங்களுக்காக மெழுகியிருந்தாள். "காயட்டும் தனம், புள்ளைய ஈரத்துல விட்டுராத" என்று மட்டும் சொல்லி, சிரட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். நான் வெட்கமில்லாமல் அங்கே பால் காய்ச்சினேன். பத்தே நாளில் அந்தக் காம்பிராவும் என் பழைய காம்பிரா மாதிரியே ஆகிவிட்டது.

ஒழுகும் காம்பிராவில் அவள் விளக்குமாற்றைத் தொடவே இல்லை. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இரைச்சல் திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கங்காணி அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார், நிற்பதில்லை.

மனசு கேட்காமல் போன ஞாயிற்றுக்கிழமை என் விளக்குமாற்றையும் சாணிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். உள்ளே ஒழுக்குக்குக் கீழே அந்த இரண்டு சிரட்டைகளும் நிமிர்ந்து கிடந்தன, மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குனிந்து வாசலைக் கூட்டத் தொடங்கினேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் கோபமே இல்லை.

"வேணாம் தனம், கூட்டாத" என்றாள். "சுத்தமா இருந்தா இதையும் கேப்பாங்க."