புளிக்காத மாவும் ஒரு பொய் விரதமும்

வாயில் வந்த நோயைப் பற்றி வெளியில் பேசுவது எங்கள் குடும்ப வழக்கமன்று. என் தந்தைக்குப் பின், அருப்புக்கோட்டையில் பருப்பும் சிறுதானியமும் விற்கும் எங்கள் கடையை முப்பத்தாறு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். உண்ணும் பொருளை விற்பவனுக்கு உடம்பு சரியில்லை என்ற பேச்சு கிளம்பினால், அது சரக்கின் மேலும் படியும். அதிலும் நோய் வாயில் என்றால் இந்த ஊரில் முதலில் எழும் ஐயம் புகையிலை, அடுத்தது மது. நான் வெற்றிலைகூடப் போடாதவன். ஆகவே சென்ற ஆண்டு கோடையில் நாக்கிலும் மேலண்ணத்திலும் தயிரேடு படிந்தாற்போல வெள்ளைப் படலம் கண்டபோது, எரிச்சலைக் காட்டிலும் இந்த அச்சமே எனக்கு மிகுதியாக இருந்தது. உள்ளூரில் காட்டாமல் மதுரைக்குப் போனேன்.

"ஈஸ்ட் வகைப் பூஞ்சை" என்றார் மருத்துவர். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். அரும்பு விட்டு அரும்பு விட்டுப் பெருகும் அந்த உயிரை நுண்ணோக்கியில் கண்டு, பென்சிலைக் கூராகச் சீவி, பதிவேட்டில் வரைந்து மதிப்பெண்ணும் பெற்றவன். அது என் வாயிலேயே குடியேறும் என்று அன்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்குவதும் நிறுத்தியதும் திரும்புவதுமாக இருக்கவே, மறுபடியும் மதுரைக்குப் போனேன்.

"மருந்துதான் இதுக்கு முக்கியம். ஆனா நிறுத்துனதும் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருது. அதனால ஆறு வாரத்துக்குப் புளிச்ச மாவு, பிரெட், பன், சீனி, வெல்லம் எல்லாத்தையும் விட்டுப் பாருங்க. எல்லாருக்கும் இது வேண்டியதில்ல. உங்களுக்குச் செஞ்சு பார்ப்போம்" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் காலை என்றால் இட்லி. இட்லி இல்லாத காலை தோசைக்கு. இரண்டும் ஒரே மாவு. மாவு தீரும் நாளில் அதன் மிச்சம் பணியாரமாகும். நாற்பது ஆண்டுகளாக என் மனைவியின் மாலை வேலை மாவாட்டுவது. காலை வேலை அது பொங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது. மருத்துவரின் சீட்டை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப காலைல என்னத்தத்தான் திம்பீக? காத்தவா?"

முதல் வாரம் ஏறக்குறைய அதைத்தான் உண்டேன். ஒரு நாள் அரிசிக் கஞ்சி. மறுநாள் உப்புப் போட்ட அவல். பத்து மணிக்கெல்லாம் கடையில் பசி தாங்கவில்லை. கடைச் சரக்கில் கை வைக்காதே என்பது என் தந்தை எனக்கு விதித்த முதல் விதி. மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்த ஒரு வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்க, மூட்டையிலிருந்து பொரிகடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து, என் உறுதி தளர்ந்ததை மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன்.

"இம்புட்டுச் சரக்க ஊருக்கெல்லாம் அளந்து போடுறீக. அதுல ஒரு படி நம்ம வீட்டுக்கு வந்தா கொறஞ்சா போகும்?" என்றாள்.

வெட்கப்படத்தக்க உண்மை அது. குதிரைவாலியையும் தினையையும் பிறர் உடல்நலத்துக்குப் பரிந்துரைத்து விற்றேனே தவிர, என் இலையில் அவை ஒருநாளும் விழுந்ததில்லை. மறுநாள் முதல் எங்கள் அடுப்படி வேறாயிற்று.

முதலில் நிலைத்தது பச்சைப்பயறு தோசை. எங்கள் வெக்கையில் இரவே பயறை ஊறப்போட்டால் விடிவதற்குள் நுரை கட்டிவிடும். பிறகு அதற்கும் இட்லி மாவுக்கும் என்ன வேறுபாடு? ஆகவே அவள் நாலரை மணிக்கு எழுந்து ஊறப்போட்டு, எட்டரைக்கு இஞ்சியும் பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்து அரைத்து, அரைத்த கையோடு கல்லில் ஊற்றினாள். மேலே சின்ன வெங்காயம், ஓரமெல்லாம் நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். இரண்டு தோசை உண்டால் ஒரு மணி வரை வயிறு வாய் திறக்காது. குதிரைவாலியில் மிளகும் நெய்யும் தாராளமாக விட்டுச் செய்த பொங்கலை, அரிசிப் பொங்கலினும் ஒரு படி உயர்வாகவே வைப்பேன். உண்டபின் அது தூக்கத்தைக் கொண்டுவருவதில்லை. கம்பை உடைத்து அன்றன்றே காய்ச்சிய கஞ்சிக்கு அவித்த தட்டைப்பயறு துணை. வெள்ளிக்கிழமைகளில் உப்புக் கொழுக்கட்டை. இவையெல்லாம் பத்தியம் என்று சொன்னால்தான் பத்தியம். சொல்லாவிட்டால் விருந்து.

சொல்லாமல் இருந்ததில்தான் வினை தொடங்கிற்று. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் என் நெடுநாள் நண்பர். சனிக்கிழமைதோறும் இருவருக்குமாக இட்லிப் பொட்டலம் வாங்கி வருவார். அந்தச் சனிக்கிழமை வேண்டாம் என்றேன்.

"ஏன் அண்ணாச்சி, வயிறு சரியில்லையா?"

"விரதம்."

"அட! எத்தன நாளைக்கு?"

"ஒரு மண்டலம்."

மண்டலத்துக்கு நாற்பத்தெட்டு நாள், சற்றுக் கூடுதல்தான்; ஆனாலும் ஆறு வாரத்தைக் கௌரவமாகச் சொல்ல அதைவிட நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை. எந்தச் சாமிக்கு என்று கேட்டார். வேண்டுதலை வெளியில் சொல்லலாகாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். மாலைக்குள் கடைத்தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. என்னைக் கண்டால் சிலர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்கள். பாளையம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள், தன் மகளுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மாளின் மகளுக்காக மனமார வேண்டிக்கொண்டேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

வீட்டில் எனக்கு இந்த மரியாதை கிட்டவில்லை. புதன்கிழமைகளில் மனைவி வெங்காயமும் மிளகும் போட்டு முட்டைப் பொடிமாஸ் செய்வாள். அதைத் தட்டில் வைத்துவிட்டு, எழுந்து போய்த் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்துவாள்.

"சன்னலச் சாத்திக்கிட்டு இருக்குற விரதத்த இப்பத்தான் பாக்கேன். சாமி எந்தப் பக்கமா வந்து எட்டிப் பாக்கும்?"

"வாயை மூடு" என்பேன். முட்டை நன்றாகவே இருக்கும்.

இந்நிலையில் எங்கள் ஒரே மகனுக்குப் பந்தல்குடியில் ஒரு பெண் அமைந்தது. எங்களைப் போலவே கடை வைத்திருக்கும் குடும்பம். மகனுக்கு முப்பத்திரண்டு வயது. ஏற்கெனவே மூன்று இடங்கள் கூடிவந்து தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண்ணோடு அவன் பேசிப் பார்த்து, "இது முடிஞ்சா நல்லாருக்கும்ப்பா" என்று தானாகவே வந்து சொன்னான். அவன் என்னிடம் அப்படி எதையும் கேட்டவனல்லன்.

எங்கள் பக்கத்து முறை வெளியூர் வாசகருக்குத் தெரிந்திராது. பெண் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டார், சம்மதம் இல்லையென்றால் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். சம்மதம் என்றால் உட்கார்ந்து உண்பார்கள். இதைக் கை நனைப்பது என்போம். மாப்பிள்ளையின் தந்தை கை நனைக்காமல் எழுந்தால், அதற்குப் பிறகு எந்தச் சமாதானமும் எடுபடாது.

பெண்ணின் தந்தைக்கு அருப்புக்கோட்டையில் உறவினர் உண்டு. என் விரதச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. "மண்டலம் முடிஞ்சே வரட்டும். அவுக எங்க வீட்ல வயிறாரச் சாப்பிடணும்" என்று சொல்லி, எனக்காகவே நாளைத் தள்ளி வைத்திருந்தார். அதற்குள் பத்தியமும் முடிந்துவிடும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஆறாம் வாரம் மதுரையில் என் வாயைப் பார்த்த மருத்துவரோ, "நல்லா கொறஞ்சிருக்கு. இன்னொரு மாசம் சேர்த்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டார். மண்டலத்தை எப்படி நீட்டுவது? ஊரே நாளெண்ணி வைத்திருந்தது.

"இப்பவே ஒரு போன் போட்டுச் சொல்லிருவோங்க. நோய்தான, திருட்டா?" என்றாள் மனைவி, புறப்படும் நாள் காலையில்.

"ஒரு இட்லியில் உயிர் போய்விடாது. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"போன மாசம் சரக்கெடுக்கப் போனப்ப விருதுநகர்லயும் ஒரு இட்லிதான் திண்டீக. மூணாம் நாளு தண்ணி குடிக்க முடியாமக் கெடந்தீக."

அந்த இட்லிதான் காரணமா என்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் அந்த மூன்றாம் நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பந்தல்குடியில் தூத்துக்குடிச் சாலையை ஒட்டிய வீடு. லாரி போகும்போதெல்லாம் கூடத்துச் சன்னல் கதவு அதிர்ந்தது. ஒரு பக்கம் ஆண்களுக்கும் எதிர்ப்பக்கம் பெண்களுக்குமாக இலை போட்டார்கள். இட்லி வந்தது. பணியாரம் வந்தது, இனிப்பில் ஒன்று, காரத்தில் ஒன்று. ஆப்பம் வந்தது. கேசரி வந்தது. இலையிலிருந்த ஒவ்வொன்றும் புளித்த மாவு, இல்லாவிட்டால் சீனி. ஒரு வடை இருந்திருந்தால் அதைக்கொண்டு கை நனைத்துத் தப்பியிருப்பேன். அன்று வடை போடவில்லை.

இட்லியைத் தொட்டேன். விண்டேன். விரலிடையில் வைத்துக்கொண்டே இருந்தேன். என் வலப்பக்கம் மகன் உண்ணாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே பெண்கள் வரிசையில் என் மனைவியும் இலையைத் தொடவில்லை.

பெண்ணின் தாய்மாமன் கட்டையான குரல் உடையவர். "என்ன மச்சான், வந்தவுக இட்லிய எடை பாத்துக்கிட்டு இருக்காக. பொண்ணு பிடிக்கலைன்னா சொல்லிறச் சொல்லு. இட்லிக்குப் பின்னால எதுக்கு ஒளியணும்?" என்றார்.

"சும்மா இருப்பா" என்ற பெண்ணின் தந்தை என்னிடம் குனிந்தார். "அண்ணாச்சி, மண்டலந்தான் போன வாரமே முடிஞ்சிருச்சே. எங்க மேல ஏதும் குறையா?"

அவருடைய முகம் வெளுத்திருந்தது. அருகில் என் மகன் மெதுவாகத் தன் இலையை மூடக் கை வைத்தான். அதைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"குறை எங்கள் மேல்தான்" என்றேன். "நான் விரதம் இருக்கவில்லை. அது பொய். எனக்கு வாயில் பூஞ்சை நோய். புளித்ததும் இனிப்பும் ஆகாது. ஊர் ஏதாவது சொல்லுமென்று மறைத்தேன். உங்கள் பெண்ணை எங்கள் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது."

தாய்மாமன்தான் கேட்டார், நான் மூன்று மாதமாக அஞ்சிய அதே கேள்வியை.

"வாயிலன்னா… பழக்கவழக்கம் ஏதும் உண்டுங்களா?"

எனக்குக் காது மடல் சுட்டது. மருத்துவச் சீட்டை வரவழைத்துக் காட்டுவதாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிர் வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஒரு பழக்கம் உண்டுண்ணே. ஒரு உண்மையச் சொல்ல நாப்பத்தெட்டு நாளு எடுத்துக்கிருவாக. வேற ஒண்ணும் கெடையாது."

முதலில் சிரித்தவர் தாய்மாமன். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான்; அவனை நான் மன்னித்தேன்.

சிரிப்பு ஓயுமுன் அறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"மாமா, கேப்பை மாவு இருக்கு. முருங்கைக்கீரை போட்டு அடை தட்டித் தரவா? அது சேருமா?"

"நீ உள்ள போத்தா" என்றார் தந்தை.

"அவுக பசியோட இருக்காகப்பா" என்றவள், என் விடைக்காகவே நின்றாள்.

"சேரும், தாயி" என்றேன்.

அடை வரக் கால் மணி நேரமாயிற்று. அதுவரை யாரும் இலையைத் தொடவில்லை. ஓரம் தடித்து, உப்பு ஒரு கல் கூடுதலாக வந்த அந்த அடையைப் பிய்த்து வாயில் போட்டேன். பெண்ணின் தந்தை மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. "அப்புறம் என்ன மச்சான், நாளு குறிச்சிருவோமா?" என்று கேட்டுக்கொண்டே தாய்மாமன் பணியாரத்துக்குக் கை நீட்டினார். என் மகன் ஒரே மூச்சில் ஆறு இட்லி தின்றான்.

இரண்டாவது அடைக்குக் காத்திருந்தபோதுதான் எதிர் வரிசையைப் பார்த்தேன். என் மனைவி இட்லி உண்டுகொண்டிருந்தாள். முதல் விள்ளலைச் சட்னி தொடாமல் வெறுமனே வாயில் வைத்து, சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு வேகமாக உண்டாள். வீட்டில் இரண்டோடு நிறுத்துகிறவள், நாலாவதை முடித்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் மாவாட்டவே இல்லை. நோய் எனக்கு மட்டும்தான். கண் முன்னால் இருந்தால் எனக்கு ஆசை வருமென்று, பிறந்ததிலிருந்து இட்லி தின்று வளர்ந்தவள் ஒருநாள்கூட அதைக் கேட்கவில்லை. தனக்கென்று ஒரு பொட்டலம் வாங்கி வரச் சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

சபையில் மனைவியின் இலையைப் பற்றிக் கணவன் பேசுவது எங்களில் வழக்கமில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் தாயாரைக் கூப்பிட்டேன்.

"இவளுக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்கம்மா."

கூடம் மறுபடியும் சிரித்தது. "ஏங்க, சும்மா இருங்க, சபையில" என்று என்னை முறைத்து, இலையின் மேல் குறுக்கே கையை வைத்தாள். சம்பந்தியம்மாள் இட்லித் தட்டோடு அவள் எதிரில் நின்றார்.

"எடுங்க மதினி, கைய."

எடுத்தாள்.