உள்ளே விட்ட துணி

எங்கள் கடைத் தையல் மேசையின் கடைசி லாச்சியில், அளவு நாடாக்களுக்கும் முனை மழுங்கிய கத்தரிகளுக்கும் கீழே, ஒரு கிளிப்பச்சை பிளவுஸ் கிடக்கிறது. உட்புறத்தைத் திருப்பினால் இடது பக்கத் தையலில் இரண்டு விரல் அகலத்துக்கு அதிகப்படித் துணி மடிந்திருக்கும். வலது பக்கத்தில் அது கிடையாது. தையலை ஒட்டிக் கோணல்மாணலாக வெட்டியிருக்கும். தையல் தெரிந்த யாரும் அப்படி வெட்டமாட்டார்கள். புதுவருசத்துக்குக் கடையை ஒதுக்கும்போதெல்லாம் அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, "இந்தச் சனியனை இன்னும் ஏன் வைச்சிருக்கிறாய், எறியன்" என்பார். நான் வாங்கித் திரும்ப உள்ளே வைப்பேன். அக்கா என்று நான் சொல்வது கடை முதலாளியை. கூடப்பிறந்தவர் அல்ல. ஆனால் பாரிசில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், எனக்கு முதன்முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு "இரும்" என்றவர் அவர்தான்.

கடை மெட்ரோப் பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. முன்னால் சேலைகள், திரைக்குப் பின்னால் நானும் என் மெஷினும். எங்கள் ஆட்களுக்கு பிளவுஸ் தைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத் தையலுக்குள் துணி விடாமல் தைக்கக் கூடாது. இன்றைக்குத் தைத்ததை நாளைக்கு ஒரு பிள்ளை பெற்ற பிறகும் பிரித்து விட்டுப் போடக்கூடியதாய் இருக்க வேண்டும். துணி விடாமல் கொடுத்துப் பாருங்கள், "என்ன, நான் இப்பிடியே காய்ஞ்சு கிடக்க வேணுமோ" என்று சண்டைக்கு வருவார்கள். உடம்பு என்றால் வளரும், வளர்ந்தால் நல்லது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கத்தரி பிடித்த கை தானாகவே அந்த இரண்டு விரலைத் தள்ளித்தான் வெட்டும்.

நான் 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவள். முகாமில் என் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும். பிறகு எப்படியோ மகளுடன் பாரிசுக்கு, கணவரிடம் வந்து சேர்ந்தேன். அவர் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். கடையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் போன பிறகு, ஒரு நாள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்பதான் உடம்பு வைச்சு ஒரு மனிசியாய் இருக்கிறாய்" என்றார். நான் திரைக்குப் பின்னால் போய் அழுதேன். துக்கத்தில் இல்லை. உயிரோடு இருக்கிறேன் என்று அதுவரை வேறு யாரும் என்னிடம் அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு நடனம் பழக்கிய ரீச்சர் வந்தது அதற்கு ஏழெட்டு வருடம் கழித்து. அதற்குள் எங்கள் பிள்ளைகளுக்குக் கொரியப் பைத்தியம் பிடித்திருந்தது. பரதநாட்டியத்துக்கு விட்ட பிள்ளைகள் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு, கைபேசியைப் பார்த்துப் பார்த்துக் கொரியப் பெண்கள் மாதிரி ஆடின. யாராவது ஒரு பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு என்றால், மேடையில் தோழிகளின் கொரிய ஆட்டம் இல்லாமல் முடியாது. அப்போதுதான் பக்கத்து ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மண்டபத்து அறையைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து, ஒரு கொரியப் பெண் நடனம் சொல்லிக் கொடுக்கிறார் என்று மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். முப்பதை எட்டாத வயது. பிரெஞ்சு படிக்க வந்தவர் என்றுதான் எங்களுக்குச் சொன்னார். ஆறு பெண்கள் சேர்ந்து பாடி ஆடும் பெயர்பெற்ற குழு ஒன்றில் இருந்து விலகியவர் என்பதைப் பிள்ளைகள் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்துவிட்டன. அதற்குப் பிறகு அவர் காலடியில் விழாத குறைதான்.

அந்த வாழ்க்கையைப் பற்றி ரீச்சர் கொஞ்சம் கொஞ்சமாக மகளிடம் சொன்னதை, அவள் வீட்டுக்குப் போகும் ரயிலில் பாதிப் பிரெஞ்சும் பாதித் தமிழுமாக என்னிடம் சொல்வாள். இப்படிக் குழுக்களை உருவாக்கும் ஒரு கம்பனியில் சின்னப் பிள்ளையாகவே சேர்ந்தாராம். வாரா வாரம் எல்லோரையும் வரிசையாக நிறுத்தித் தராசில் ஏற்றி, எடையைச் சத்தமாக வாசிப்பார்களாம். கூடியவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு குறையும், திட்டுக் கூடும். கண்ணை வெட்டித் திருத்தினார்கள். சிரிக்கும்போது பல்லுக்கு மேலே முரசு தெரிகிறது என்று சிரிப்பையும் திருத்தினார்கள். இத்தனைக்கும் குழுவில் அவருக்குக் கொடுத்த வேடம் சாப்பாட்டுராமி. ஒருத்தி அழகி, ஒருத்தி குறும்புக்காரி, இவர் எதைக் கண்டாலும் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறவர். தொலைக்காட்சியில் வாய் நிறையச் சாப்பிட்டுச் சிரிக்க வேண்டும். படம் பிடித்து முடிந்ததும் அந்தச் சாப்பாடு உடம்பில் தங்கக் கூடாது. "அது எப்பிடியடி?" என்று கேட்டேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீட்டுக்கு ஆறு மாதம் தள்ளி நாள் வைத்தார்கள். ஆட்டம் பழக்குவது ரீச்சர் என்பதால் அவருக்கு ஒரு கிளிப்பச்சைச் சேலை கொடுத்து, அதைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பிளவுசுக்கு அளவெடுக்க ரீச்சரைத் திரைக்குப் பின்னால் அழைத்து வந்தேன். நான் அளவெடுத்தால் இலக்கத்தை உரத்துச் சொல்வேன், முன்னால் இருந்து அக்கா எழுதுவார். அதுதான் எங்கள் பழக்கம். நாடாவை இடுப்பில் சுற்றியதும் ரீச்சர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டார். நான் இலக்கத்தைச் சொல்ல வாயெடுக்கவும் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு: நிறம், அளவு, செவ்வாய்க்கிழமை வாருங்கள். ஆனால் அந்தப் பிடியை விளங்கிக்கொள்ளப் பாஷை தேவைப்படவில்லை. இலக்கத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். "என்னடி, சத்தத்தைக் காணேல்லை?" என்று அக்கா கேட்டதற்கு, "நானே எழுதுறன் அக்கா" என்றேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் ரீச்சர் பிள்ளைகளோடு கடைக்கு வரத் தொடங்கினார். அக்கா சோற்றுப் பார்சலைப் பிரித்து எல்லோருக்கும் போடுவார். ரீச்சர் முதலில் கற்ற தமிழ்ச் சொல் "காணும்". போதும் என்று சொல்லத்தான் கற்றார். ஆனால் எங்கள் ஆட்களிடம் காணும் என்றால் இன்னும் ஒரு அகப்பை விழும் என்பது அவருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு பருக்கை விடாமல், சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிடுவார். "என்ன வடிவாய்ச் சாப்பிடுது பிள்ளை" என்று அக்கா பூரித்துப் போவார். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது கமராவுக்குச் சிரித்த சிரிப்பு. சாப்பிட்ட கையோடு கழிவறைக்குப் போவார், குழாயைத் திறந்துவிடுவார், குழாய் நெடுநேரம் ஓடும். "சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறா போல" என்று அக்காவிடம் சொன்னேன். "உறைப்பு ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்று அடுத்த கிழமை தனியாக உறைப்பில்லாத கறி கொண்டுவந்தார். அக்காவின் அன்பு அவ்வளவு பெரியது, அதற்குள் வேறெதுவும் நுழைய இடமில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை ரீச்சர் தட்டில் பாதியை மிச்சம் விட்டார். "காணும்" என்று சொல்லி, அக்காவின் அகப்பையைக் கையால் தடுத்துவிட்டு, அப்படியே இருந்து பிள்ளைகளோடு கதைத்தார். குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது, எனக்கோ கும்பிட வேண்டும்போல் இருந்தது. வர வர முகத்தில் நிறம் ஏறியது, தோள் எலும்பு மறைந்தது. சாமத்தியவீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பழைய கம்பனியிலிருந்து அழைப்பு வந்திருப்பதாக மகள் சொன்னாள். குழு மறுபடி மேடையேறப் போகிறதாம். பழைய உடை பத்திரமாக இருக்கிறதாம். அதற்குள் புகுந்தால் அவருக்கும் இடம் உண்டாம். "போறாவோ?" என்று கேட்டேன். "போகமாட்டாவாம் அம்மா. இஞ்சையே இருக்கப் போறாவாம்" என்றாள் மகள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவளுக்கு ரீச்சரை மேடையில் பார்க்க ஆசை. எனக்கு அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதி.

விழா பாரிசுக்கு வெளியே, எபினே-சூர்-செய்னில் ஒரு மண்டபத்தில். உடை மாற்றும் அறையில் சேலை கட்டப் போனால் பிளவுசின் கொளுக்கிகள் எட்டவில்லை. ரீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. நான் அவரை இருக்க வைத்து, பிளவுசைத் திருப்பி, உள்ளே மடிந்திருந்த துணியைக் காட்டினேன். பிளேடால் தையலைப் பிரித்து, கொஞ்சம் விட்டு, கையாலேயே தைத்துக் கொடுத்தேன். அவர் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்து ஏதோ கேட்டார். "எல்லாருக்கும் இப்பிடித்தான் விடுறனீங்களோ எண்டு கேக்கிறா" என்றாள் மகள். "ஓம், எல்லாருக்கும்தான்" என்றேன். ரீச்சர் சிரித்தார். முரசு தெரியச் சிரித்தார். நான் பார்த்த அவருடைய சொந்தச் சிரிப்பு அது ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்து, பந்தியில் ரீச்சரை நடுவில் இருத்தினார்கள். அக்கா தங்கக்கரைச் சேலையும் வியர்வையுமாக ஓடி வந்து அவர் கன்னத்தைக் கிள்ளினார். "முதல் வரேக்கை ஈர்க்கு மாதிரி இருந்தவ. இப்பதான் நல்லாய் உடம்பு வைச்சு, கன்னமும் கின்னமுமாய் வடிவாய் இருக்கிறா. சொல்லு பிள்ளை அவவுக்கு, நல்லாய் உடம்பு வைச்சிட்டா எண்டு சொல்லு" என்று என் மகளைப் பிடித்து உலுக்கினார். மேசையில் இருந்த மற்றப் பெண்களும், "ஓம் ஓம், நல்லாய் வைச்சிட்டா" என்று வாழ்த்தினார்கள். "சொல்லாதை" என்று மகளுக்குக் கண் காட்டினேன். அவள் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். எனக்கு உயிர் தந்த அதே வார்த்தை. ரீச்சர் "மெர்சி" என்று அக்காவின் கையைப் பிடித்துச் சிரித்தார். பிறகு இலையில் போட்டது அத்தனையையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

நான் கழிவறை வாசலில் போய் நின்றேன். உள்ளே குழாய் ஓடியது. கதவைத் தட்டினால் என்ன சொல்வது? அது எங்கள் ஊரில் ஆசீர்வாதம், நாங்கள் பட்டினியைப் பார்த்த சனம், எங்களுக்கு மெலிவு என்றால் பயம். இத்தனையையும் எந்தப் பிரெஞ்சில் சொல்வது? மகளை இழுத்து வந்து சொல்லச் சொன்னேன். அவளும் கதவோடு கதவாக நின்று நெடுநேரம் பேசினாள். உள்ளிருந்து ஒரேயொரு பதில் வந்தது. "தனக்கு விளங்குதாம் அம்மா" என்றாள் மகள்.

அடுத்த கிழமை ரீச்சர் பிளவுசோடு கடைக்கு வந்தார். பழைய அளவுக்குப் பிடித்துத் தர வேண்டும், உள்ளே இருக்கும் துணியை வெட்டிவிட வேண்டும் என்று கையால் காட்டினார். இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். வெட்டக் கை வரவில்லை. துணியை மடித்து உள்ளேயே வைத்துக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. மேசையில் இருந்த கத்தரியை எடுத்து வலது பக்கத்தைத் தானே வெட்டினார். "வேண்டாம் ரீச்சர், காணும், காணும்" என்று தமிழிலேயே கெஞ்சினேன். இடது பக்கத்துக்குத் திருப்பும்போது கைபேசி அடித்தது. கொரிய மொழியில் ஏதோ தலையாட்டித் தலையாட்டிப் பேசினார். பிளவுசை மேசையில் வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று சைகை காட்டிப் போனார். வரவில்லை.

அடுத்த வருடம் மகள் தன் கைபேசியில் காட்டினாள். ஆறு பெண்கள், வெள்ளை உடை, நடுவில் ரீச்சர். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "ஐயோ, பிள்ளை வாடிப்போச்சு, அங்கை ஒருத்தரும் சாப்பாடு குடுக்கிறேல்லையோ" என்று உருகினார். பந்தியில் தான் சொன்னதை அவர் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்க வைக்க எனக்கும் மனம் வரவில்லை. கீழே சனம் எழுதியிருந்ததை மகள் வாசித்துக் காட்டினாள். இன்னும் குறைக்கலாம் என்று சிலர். சில மாதத்தில் வந்த இன்னொரு பாட்டுக்குக் கீழே, எலும்புக்கூடு மாதிரி இருக்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை என்று அதே ஆட்கள். அதற்குப் பிறகு வந்த படங்களில் ஐந்து பெண்கள்தான் நின்றார்கள். உடல்நலக் காரணம் என்று கம்பனி ஒரு வரி எழுதியதாம். மகள் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. அவர் இருக்கிறாரா, எப்படி இருக்கிறார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் என்ன செய்துவிடப் போகிறேன்?

போன மாதம், தோழி ஒருத்தியின் கலியாணத்துக்குச் சேலை கட்ட வேண்டும் என்று மகள் கடைக்கு வந்தாள். இப்போது அவள் வேலைக்குப் போகிற பெண். கைபேசியில் ஆயிரம் பேருக்குத் தன் ஆட்டத்தைக் காட்டுகிறவள். வீட்டில், "அலுவலகத்திலை சாப்பிட்டிட்டன்" என்கிறாள், நான் அதிகம் கேட்பதில்லை. நாடா எடுக்க லாச்சியைத் திறந்தேன். கிளிப்பச்சையை அவளும் பார்த்தாள். கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உள்ளுக்குத் துணி விடாதேங்கோ. தடிப்பாய்த் தெரியும்."

நாடாவை இடுப்பில் சுற்றினேன். அவள் கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். முன்னால் இருந்து அக்கா, "என்னடி, எவ்வளவு?" என்று கேட்டார். "மூச்சை விடு பிள்ளை" என்றேன். அவள் விடவில்லை. மேலே ஒரு ரயில் போனது. நாடாவைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.