பூநாரைகள் விலகிச் சென்ற காலை

பாற்கடலில் பள்ளிகொண்டவன் திருவடியே துணை. தை மாத வளர்பிறை ஏகாதசி.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் படகுக்காகக் காத்திருக்கிறேன். சேற்றோரம் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி அசையாமல் குந்தியிருக்கிறாள். பூநாரைக் கூட்டமொன்று மேய்ந்தபடி அவளை நோக்கி வருகிறது. அக்காட்சியில் உள்ளம் உருகி, வழக்கம்போல் உரத்த குரலில் பாசுரம் பாடத் தொடங்குகிறேன். அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறாள். பறவைகள் விலகிப் போகின்றன.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவள் தாய் விரைந்து வந்து, அடங்கிய குரலில் சீறுகிறாள்.

“இன்னா சாமி! எம் பொண்ணுக்கு ஆட்டிசம், சத்தம் ஆவாது. அதுங்க கிட்ட வரும்னு விடிஞ்சதுலேர்ந்து குந்தினுகீறா. கெடுத்துட்டியே!”

“பெருமாள் பாட்டுதானே அம்மா,” என்கிறேன்.

“அவரு பொறுத்துப்பாரு. இவ மாட்டா.”

அறுபது ஆண்டுகளாகப் பாடிய வாயை மூடி அமர்கிறேன். படகு வருகிறது. எழுந்தால் பறவைகள் மிரளுமே என்று அதையும் போகவிடுகிறேன். மெல்ல அவை திரும்புகின்றன. அவள் கைக்கெட்டும் தொலைவில் ஒரு பூநாரை அலகைச் சேற்றில் ஆழ்த்துகிறது. அவள் காதுகளிலிருந்து கைகளை எடுத்து, அதைப் போலவே தலையைச் சாய்க்கிறாள்.

நான் பாடும்போதெல்லாம் பெருமாள் ஏன் கண்மூடிக் கிடக்கிறான் என்று இப்போது விளங்குகிறது. சங்கும் சக்கரமும் ஏந்தியிருப்பவன், பாவம், காதை எப்படிப் பொத்துவான்?

இதைப் படிப்போர் அனைவரும் நீடு வாழ்க; உங்கள் அருகிலும் ஒரு பறவை அச்சமின்றி மேயட்டும்.